தனி ஆளிடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் பொருள் பழுதாகிவிட்டதா? பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை

கடையில் வாங்கினால் கையில் பில் இருக்கும். பக்கத்து ஊர்க்காரர் ஆன்லைனில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து, அவர் வீட்டு முற்றத்தில் வைத்துப் பணம் கொடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜ் நாலாம் நாள் நின்றுபோனால் என்ன செய்வது? "செகண்ட் ஹேண்ட்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று நம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றையும் அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. எதை வைத்துக் கேட்கலாம், எதை வைத்துக் கேட்க முடியாது என்று தெரிந்துகொண்டு கேட்டால் பணம் திரும்பி வர வழி இருக்கிறது.

படி 1: பயன்படுத்துவதை நிறுத்துங்கள்

குறை தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால், குறையோடு ஏற்றுக்கொண்டீர்கள் என்று விற்றவர் சொல்வார். உடனே பிரித்து ரிப்பேர் செய்தால், "உங்க மெக்கானிக்தான் கெடுத்தார்" என்பார். பணம் திரும்ப வேண்டுமானால் பொருளையும் வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எனவே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, குறை தெரியும்படி வீடியோ எடுங்கள்.

படி 2: விற்றவர் உண்மையிலேயே தனி ஆள்தானா?

அதே நம்பரில் வேறு விளம்பரங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஐந்தாறு பைக், நாலு வாஷிங் மெஷின் என்று விற்றுக்கொண்டிருந்தால் அவர் வீட்டுக்காரர் இல்லை, வியாபாரி. அப்படியானால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் முதலில் பேசலாம். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

தன் வீட்டில் கிடந்த ஒன்றை ஒருமுறை விற்றவர் என்றால் அந்தப் பாதை திறக்காது. அடுத்த படிதான் உங்கள் பலம்.

படி 3: அவர் சொன்ன வார்த்தைகளைச் சேகரியுங்கள்

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வியாபாரி அல்லாத ஒருவர் விற்கும் பொருள் நல்ல தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் பொதுவாகத் தானாக வந்துவிடாது. ஆனால் ஒரு பொருளை இன்னது, இப்படிப்பட்டது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியாக வேண்டும். பொய் சொல்லியோ, குறையை வேண்டுமென்றே மறைத்தோ விற்றிருந்தால் 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்த விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம்.

எனவே அவர் சொன்னதை இரண்டாகப் பிரியுங்கள். "சூப்பர் கண்டிஷன்", "நல்லா ஓடும் அண்ணே" என்பவை அபிப்பிராயம். இவற்றை வைத்து அதிகம் வாதாட முடியாது. "கேஸ் நிரப்பி ஆறு மாசம்தான் ஆச்சு", "சிங்கிள் ஓனர்", "ஆக்சிடென்ட் ஆகல", "வெள்ளம் ஏறல" என்பவை தகவல். பொய்யா மெய்யா என்று சோதிக்க முடிந்தவை. எத்தனையாவது உரிமையாளர் என்பதையும் ஃபைனான்ஸ் பாக்கியையும் ஆர்சியில் பார்க்கலாம். ஓடிய கிலோமீட்டரை சர்வீஸ் சென்டர் பதிவோடு ஒப்பிடலாம். செல்போனில் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரியும். கேரளப் பதிவெண் வண்டியென்றால், அந்த ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று பற்றி விற்றவர் என்ன சொன்னார் என்பதும் முக்கியம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு எந்த இரும்பும் துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரிந்த துருவைப் பார்த்துவிட்டு வாங்கியவர் பிறகு அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கம்ப்ரஸர் உட்காரும் அடித்தகட்டில் மட்டும் புதுசாகச் சில்வர் பெயின்ட் பளபளக்கிறதா? நகத்தால் சுரண்டினால் பெயின்ட்டோடு சேர்ந்து துரு பொருக்காக உதிர்கிறதா? அந்த இடத்தை நெருக்கமாகப் படம் எடுங்கள். குறையை மறைத்தார் என்று சொல்ல அது நல்ல ஆதாரம்.

விளம்பரம் எந்த நேரமும் நீக்கப்படலாம். விலையும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வையுங்கள். ஜிபே ரசீதும் வேண்டும். பழைய போனை விற்றுவிடாதீர்கள், வழக்கென்று போனால் மூலப்பதிவு இருக்கும் போனே தேவைப்படலாம்.

படி 4: மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள்

லெட்டர்பேடோ பில்லோ போதும். என்ன குறை, சரிசெய்ய எவ்வளவு ஆகும், இது சில நாளில் வரக்கூடிய குறையா, முன்பே இருந்திருக்க வேண்டியதா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்றாவதுதான் உயிர்நாடி. தேதியும் கையெழுத்தும் இல்லாத தாள் உதவாது.

படி 5: முதலில் போன், உடனே மெசேஜ்

கோபமாகத் தொடங்கினால் நம்பரை பிளாக் செய்துவிடுவார். தன்மையாகப் பேசுங்கள். பேசி முடித்த உடனே பேசியதை எழுத்திலும் அனுப்புங்கள். இப்படி இருக்கலாம்:

"அண்ணே, வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் 9,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். கேஸ் நிரப்பி ஆறு மாசம்தான் ஆச்சு, கம்ப்ரஸர்ல கை வைக்கலன்னு மெசேஜில் சொல்லியிருந்தீங்க. புதன்கிழமை கூலிங் நின்னுட்டு. கம்ப்ரஸர் ஏற்கெனவே மாத்தினது, கேஸ் லீக் பழசுன்னு மெக்கானிக் எழுதித் தந்திருக்காரு, படம் இதோட இருக்கு. ஃப்ரிட்ஜை அப்படியே வச்சிருக்கேன். வர்ற ஞாயிறுக்குள்ள எடுத்துக்கிட்டு பணத்தைத் தந்திருங்க. இல்லைன்னா ரிப்பேர் செலவை ஏத்துக்கிடுங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். முழுப் பணமும் செலவாகிவிட்ட குடும்பத்திடம் ரிப்பேர் செலவை வாங்குவது எளிது. பெரும்பாலான தகராறுகள் இந்த இடத்தில் முடிந்துவிடும் என்பது என் எண்ணம். ஊரில் இருவருக்கும் பொதுவான பெரியவர் இருந்தால் அவரையும் வைத்துப் பேசுங்கள்.

படி 6: நோட்டீஸும் சட்டப்பணிகள் குழுவும்

பதில் இல்லையென்றால் அதே விவரங்களை, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை.

அப்புறம் நேராக வழக்குக்குப் போகாதீர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில், சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவில் நீதிமன்றங்களோடு சேர்ந்த சட்டப்பணிகள் குழுக்கள் உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-லும் கேட்கலாம். வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் விற்றவரை அழைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதப்பட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அவர் சம்மதிக்காவிட்டால் மட்டும் சிவில் வழக்கு. அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. விற்றவர் கேரளத்துப் பாறசாலைக்காரராக இருந்தாலும், பொருளையும் பணத்தையும் மார்த்தாண்டத்தில் கைமாற்றியிருந்தால் குழித்துறை நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் பொருளுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றே சொல்வேன்.

படி 7: போலீஸ் எப்போது?

வெறும் பழுது என்றால் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். திருட்டுப் பொருள், போலி ஆர்சி, பணத்தை வாங்கிவிட்டுப் பொருளே தராதது, இவை மோசடி. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவு பொருந்தும். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தைக் கணக்கில் நிறுத்தி வைக்க முடியும்.

படி 8: பணம் திரும்பும் நாள்

பொருளும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். "நீங்க கொண்டு வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் போட்டு விடுறேன்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பொருளைத் திருப்பித் தந்து இவ்வளவு பணம் பெற்றேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். போன், லேப்டாப் என்றால் உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள். பைக்கின் ஆர்சி அதற்குள் உங்கள் பெயருக்கு மாறியிருந்தால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் தேவைப்படும் கையெழுத்துகளை அங்கேயே போட்டு வாங்கி, பெயர் மாற்றத்தை நீங்களே நின்று முடியுங்கள். இல்லாவிட்டால் அவர் ஓட்டும் வண்டியின் அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் வீட்டுக்கு வரும்.