ட்ரெய்லர் இழுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பிரித்தானிய உரிமமும் எடை வரம்புகளும்

2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் சாதாரண கார் உரிமம், அதாவது பி வகுப்பு உரிமம், வைத்திருப்பவர்கள் தனித் தேர்வு எதுவும் இன்றி 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். கேட்டரிங் தொழில் செய்வோரும், கோயில் திருவிழாக்களில் உணவுக் கடை போடுவோரும், வாடகை ட்ரெய்லரில் வீட்டுச் சாமான்களை ஏற்றி இடம் மாறுவோரும் இந்த மாற்றத்தால் பயனடைந்துள்ளனர். ஆனால் 3,500 என்பது உரிமத்துக்கான எல்லை மட்டுமே. காருக்கு ஓர் எல்லை, ட்ரெய்லருக்கு ஓர் எல்லை, இரண்டையும் இணைக்கும் டோபாருக்கு ஓர் எல்லை எனத் தனித்தனியே உண்டு. இவற்றுள் எது மிகக் குறைவோ அதற்குள் நிற்பதுதான் சட்டப்படி சரி. உரிமம் அனுமதிக்கிறது என்பதாலேயே கார் தாங்கும் என்று எண்ணிவிடுவதே நான் காணும் தவறுகளில் மிக ஆபத்தானது.

முதலில் உரிமத்தைப் பார்ப்போம். 1997 ஜனவரி 1க்கு முன் கார் தேர்வில் வென்றவர்கள் பொதுவாக வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோ வரை ஓட்டலாம். அதற்குப் பின் தேர்ச்சி பெற்றவர்களுக்கு 750 கிலோ வரையிலான ட்ரெய்லர், அல்லது இரண்டும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டாத இணை என்ற கட்டுப்பாடு இருந்தது. அதைத் தாண்ட விரும்பியவர்கள், காரோடு கனமான ட்ரெய்லரை இழுப்பதற்கான பி.இ. தேர்வு கொடுக்க வேண்டியிருந்தது. 2021இல் நீங்கியது இந்தக் கட்டுப்பாடுதான். இதற்காகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. அடுத்த முறை உரிம அட்டையைப் புதுப்பிக்கும்போது பி.இ. வகுப்பு தானாகவே அதில் சேரும். வட அயர்லாந்தில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை, அங்கே பழைய தேர்வு தொடர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1997க்கு முந்தைய உரிமத்தில் உள்ள கூடுதல் உரிமைகள் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்பதும் தவறான எண்ணம். எழுபது வயதில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, மருத்துவப் பரிசோதனை அறிக்கையுடன் தனியே விண்ணப்பிக்காவிட்டால், நடுத்தர எடை வாகனங்களுக்கான சி1 வகுப்பும் அதனுடன் இணைந்த ட்ரெய்லர் உரிமையும் போய்விடும். இந்திய உரிமமோ இலங்கை உரிமமோ வைத்துப் புதிதாகக் குடியேறியவர்கள் அதைக் கொண்டு பன்னிரண்டு மாதங்கள் வரை மட்டுமே கார் ஓட்டலாம்; இவ்விரு நாடுகளின் உரிமங்களையும் பிரித்தானிய உரிமமாக நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. ஓராண்டு கடந்த பின் அந்த உரிமத்தோடு ஓட்டுபவருக்குக் கார் ஓட்டும் உரிமையே இல்லை என்னும்போது ட்ரெய்லரைப் பற்றிய கேள்விக்கே இடமில்லை.

அடுத்தது, எல்லாக் குழப்பங்களுக்கும் வேராக இருக்கும் எடைக் கணக்கு. உரிமத்தைப் பொறுத்தவரை பார்க்கப்படுவது உற்பத்தியாளரின் தகட்டில் பொறிக்கப்பட்ட உச்ச எடை, அதாவது சுமையோடு சேர்த்து எட்டக்கூடிய எடை. ட்ரெய்லர் காலியாக இருக்கிறதா நிறைந்திருக்கிறதா என்பது அங்கே கணக்கில் வராது. 'காலி வண்டியைத்தானே இழுத்துச் செல்கிறேன்' என்ற வாதம் உரிமக் கேள்வியில் எடுபடாது. ஆனால் காரின் இழுவைத் திறனை மீறினோமா என்ற கேள்வியில் சாலையில் அப்போது உள்ள உண்மையான எடைதான் பார்க்கப்படும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள், ஒன்று தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள், அல்லது அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் போகிறார்கள்.

காரின் திறனை அறிய இணையத்தில் தேடுவதைவிடக் காரிலேயே உள்ள தகட்டைப் படிப்பது நல்லது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டுக்கு அடியிலோ அது இருக்கும். சேசிஸ் எண்ணுக்குக் கீழே பொதுவாக நான்கு எடைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, ஆட்களும் சாமான்களும் ஏறிய பின் கார் மட்டும் எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. அவற்றின் முன்னால் 1, 2 என்ற எண்கள் இருக்கும். இரண்டாவது எடையிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையோடு உள்ள அந்தக் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது கிடைக்கும். காருக்கான கையேட்டில் தரப்பட்டுள்ள இழுவை வரம்பையும் இதனோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்த எடை என்ற வரியே தகட்டில் இல்லையென்றால் அந்தக் கார் இழுவைக்குப் பொருந்தாததாக இருக்கக்கூடும். கையேட்டையோ உற்பத்தியாளரையோ கேட்காமல் அதற்கு டோபார் பொருத்தக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு காரின் தகட்டில் 1,950 கிலோ, 3,350 கிலோ என்று இருக்கிறது. ஆக அது இழுக்கக்கூடியது 1,400 கிலோ. அடுப்பும் மேசைகளும் பொருத்திய உணவு ட்ரெய்லர் ஒன்றின் வெறும் எடை 1,000 கிலோ, தகட்டில் உள்ள உச்ச எடை 1,300 கிலோ என்று கொள்வோம். உரிமம் 3,500 வரை விடுகிறது, கார் 1,400 வரை இழுக்கும், ஆனால் ட்ரெய்லரில் ஏற்றக்கூடிய சுமை வெறும் 300 கிலோதான். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதுவே 100 கிலோ. 47 கிலோ ப்ரொபேன் உருளைகள் இரண்டு வைத்தால் எரிவாயு மட்டுமே 94 கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டைகள் பத்து ஏற்றினால் இன்னொரு 100. இத்துடன் 294 கிலோ ஆகிவிட்டது. உருளைகளின் இரும்பு, ஜெனரேட்டர், அண்டாக்கள், எண்ணெய் டின்கள் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. விழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் இப்படிக் கூட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்வதும், ஒருமுறையாவது முழுச் சுமையோடு பொது எடைமேடைக்குப் போய் நிறுத்துப் பார்ப்பதும் எளிய வழிகள்.

பிரேக் இல்லாத சிறு ட்ரெய்லர்களில் வேறொரு தவறு நேர்கிறது. அவற்றுக்கு 750 கிலோதான் எல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் காரின் வெறும் எடையில் பாதி, அல்லது 750 கிலோ, இவற்றில் எது குறைவோ அதுதான் எல்லை. 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார் பிரேக் இல்லாத ட்ரெய்லரில் 600 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. 750 கிலோவுக்கு மேற்பட்ட உச்ச எடை கொண்ட எந்த ட்ரெய்லரிலும் வேலை செய்யும் பிரேக் இருந்தே ஆக வேண்டும்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் அதைப் பரப்பும் விதம் தவறினால் வண்டி ஆடத் தொடங்கும். டோபாரின் நுனியில் உள்ள உருண்டையின் மேல் ட்ரெய்லரின் முன்பகுதி அழுத்தும் எடை, பொதுவான பரிந்துரைப்படி, சுமையோடு கூடிய ட்ரெய்லர் எடையில் ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும். ஆனால் காருக்கும் டோபாருக்கும் குறிக்கப்பட்ட வரம்பை அது தாண்டக் கூடாது. அந்த எடை காரின் பின்புறச் சுமையாகவும் சேரும் என்பதால், டிக்கி நிறையச் சாமான் வைத்திருப்பவர்கள் பின் அச்சின் எல்லையை எளிதில் கடந்துவிடுவார்கள். கனமானவற்றை ட்ரெய்லரின் அச்சுக்கு நேராகவும் தாழ்வாகவும் வைத்துக் கட்டுவது முறை. ஏற்ற வசதி என்று ஜெனரேட்டரைப் பின்கதவோரம் வைப்பவர்கள் முன்பகுதியின் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் இடமும் வலமும் வீச அதுவே முக்கியக் காரணமாகிறது. அப்படி வீசத் தொடங்கினால் சட்டென்று பிரேக் அடிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பிப் போராடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தணிய விட வேண்டும்.

சாலை விதிகளிலும் கார் ஓட்டும் பழக்கம் நம்மை ஏமாற்றும். ட்ரெய்லரோடு செல்லும்போது, குறைந்த வேக வரம்பு அறிவிக்கப்படாத இடங்களில், நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுத்தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல்தான் உச்சம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது கடைசித் தடத்தைப் பயன்படுத்தக் கூடாது. ட்ரெய்லரின் பின்னால் இழுக்கும் காரின் பதிவெண் தகடு இருக்க வேண்டும். ட்ரெய்லர் காரைவிட அகலமாக இருந்தால் கூடுதல் கண்ணாடிகள் தேவைப்படலாம். பின்பார்வை போதாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் 3 புள்ளிகளும் விதிக்கப்படலாம்.

தொழிலுக்காகப் பொருள் ஏற்றி இழுப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை 3,500 கிலோவைத் தாண்டினால், ஓட்டும் நேரத்தைப் பதிவுசெய்யும் டேக்கோகிராஃப் கருவியும் ஓட்டுநர் நேர விதிகளும், சில நிலைகளில் சரக்கு வாகனங்களை இயக்கும் தொழிலுக்கான இயக்குநர் உரிமமும் பொருந்தக்கூடும். விதிவிலக்குகளும் உண்டு, ட்ரெய்லரின் வெறும் எடை 1,020 கிலோவுக்கு மேல் இல்லாதபோது இயக்குநர் உரிமக் கணக்கில் அது பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே பெரிய ட்ரெய்லரை வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, காரின் தகட்டையும் ட்ரெய்லரின் தகட்டையும் பக்கத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்திடமும் தொழிலுக்கு ட்ரெய்லர் இழுப்பதைத் தெரிவித்துவிட வேண்டும்.