உங்களுக்கான முதல் லினக்ஸ் எது? உங்கள் கணினிக்கும் வேலைக்கும் ஏற்ற டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் வழி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது கேட்கிறது. 2015, 2016-இல் வாங்கி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்புகள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. சரி, லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்று தேட ஆரம்பித்தால் ஒருவர் உபுண்டு என்கிறார், இன்னொருவர் மின்ட், மூன்றாமவர் ஆர்ச் போடாதவன் லினக்ஸே தெரியாதவன் என்கிறார். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

உபுண்டு, மின்ட், ஆர்ச் எல்லாம் லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள், இவற்றைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். "எது சிறந்த டிஸ்ட்ரோ" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். என் வேலை இதில் நடக்குமா, என் மெஷினில் இது ஒழுங்காக ஓடுமா, இது எவ்வளவு வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் என்ற 3 கேள்விகளை இதே வரிசையில் கேட்டால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று பெயர்களுக்குச் சுருங்கிவிடும். எல்லா டிஸ்ட்ரோவிலும் உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல்தான், அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதி. மேலே வைத்திருக்கும் டெஸ்க்டாப், மென்பொருள் நிறுவும் முறை, அப்டேட் வரும் வேகம், பின்னால் நின்று பராமரிக்கும் ஆட்கள், இவைதான் மாறுகின்றன.

படி 1: உங்கள் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, போன வாரம் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பிரவுசர், வீடியோ, பிடிஎஃப், மின்னஞ்சல், கட்டுரை எழுதுவது, நிரல் எழுதுவது என்றால் எந்த டிஸ்ட்ரோவும் போதும், கவலையே வேண்டாம். அந்தத் தாளில் டேலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் மாதிரி ஏதாவது இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இவையெல்லாம் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை (ஃபோட்டோஷாப்பும் ஆட்டோகேடும் மேக்கிலும் உண்டு), லினக்ஸுக்கான பதிப்பு கிடையாது. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் கருவி) வழியாக ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாசக் கணக்கை முடிக்க வேண்டிய இடத்தில் அந்த வழியை நம்பி உட்காராதீர்கள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுங்கள், இல்லையென்றால் வேறொரு பழைய கணினியில் போட்டுப் பழகுங்கள். மாற்று மென்பொருள் இருக்கிறது என்பதற்காக வயிற்றுப்பாட்டு வேலையை ஒரே நாளில் அதற்கு மாற்றுவது சரியில்லை.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட எவ்வளவோ தேறிவிட்டது. விளையாட்டுகளை வாங்கும் ஸ்டீம் தளத்தில் உள்ள புரோட்டான் என்ற கருவி வழியாக நிறைய விண்டோஸ் விளையாட்டுகள் அப்படியே ஓடுகின்றன. ஆனால் வேலரன்ட் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸை மட்டுமே ஏற்கும். உங்கள் விளையாட்டின் பெயரைப் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: மெஷினைத் தெரிந்துகொள்ளுங்கள்

விண்டோஸ் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், அப்புறம் தேடுவது சிரமம். ஸ்டார்ட்டில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்தால் பிராசஸர் பெயரும் ரேம் அளவும் கிடைக்கும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், நெட்வொர்க் அடாப்டர்ஸ் இரண்டையும் விரித்து, கிராஃபிக்ஸ், வைஃபை சிப் பெயர்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினி என்றால் செட்டிங்ஸின் அபௌட் பகுதியில் சிஸ்டம் டைப் என்ற வரியைக் கவனமாகப் படியுங்கள். "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர்" என்று இருந்தால் உங்கள் பிராசஸர் 64 பிட்தான், அதில் போட்டிருக்கும் விண்டோஸ் மட்டும்தான் 32 பிட். தாராளமாக 64 பிட் லினக்ஸ் போடலாம். இதைக் கவனிக்காமல் 32 பிட் டிஸ்ட்ரோவைத் தேடி அலைபவர்கள் நிறைய. நிஜமாகவே 32 பிட் பிராசஸர் என்றால் வழி குறுகிக்கொண்டே வருகிறது. டெபியன் 13 அதற்கான நிறுவல் பதிப்பைக் கைவிட்டுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸும் 32 பிட் லினக்ஸ் ஆதரவை 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற ஒன்றிரண்டில் முயன்று பார்க்கலாம்.

ரேம் 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ், லுபுண்டு. 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான டெஸ்க்டாப்) பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ், சுபுண்டு. உபுண்டுவின் முதன்மைப் பதிப்பும் 4 ஜிபியில் ஏறும், ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் திணற ஆரம்பிக்கும். 8 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், டிஸ்ட்ரோவை மாற்றுவதைவிட ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதில்தான் வேகம் அதிகம் கூடும். இதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

மெஷின் ரொம்பப் புதிதாக இருந்தால் சிக்கல் நேர் எதிர்ப்பக்கம். இந்த வருடம் வந்த லேப்டாப்பின் வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கான டிரைவர்கள் புதிய கெர்னலில்தான் இருக்கும், ஓரிரு வருடம் பழைய கெர்னலோடு வரும் டெபியனில் அவை வேலை செய்யாமல் போகலாம். அப்படிப்பட்ட மெஷினுக்கு ஃபெடோரா நல்ல தேர்வு. என்விடியா கார்டு இருந்தால் அதன் டிரைவரை எளிதாகப் போட்டுத்தரும் டிஸ்ட்ரோவாகப் பாருங்கள்: மின்ட்டில் டிரைவர் மேனேஜர் இருக்கிறது, பாப் ஓஎஸ் என்விடியாவுக்கென்றே தனிப் பதிப்பு தருகிறது. பழைய லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை சிப் என்றால் முதல்முறை டிரைவர் போடும்வரை போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் வழியாக இணையம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த வேகத்தில் மாற வேண்டும்?

புதிதாக வருபவர்கள் அதிகம் யோசிக்காமல் விடுவது இதைத்தான், பின்னால் அதிகம் அவதிப்படுவதும் இதனால்தான்.

உபுண்டு வழக்கமாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏப்ரலில், எல்டிஎஸ் என்ற நீண்ட ஆதரவுப் பதிப்பை வெளியிடுகிறது. அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் உண்டு. நடுவில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். டவுன்லோடு பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் எல்டிஎஸ் என்று இருப்பதையே எடுங்கள். லினக்ஸ் மின்ட் அந்த எல்டிஎஸ் பதிப்பின் மேல் கட்டப்படுகிறது: 2024-இல் வந்த மின்ட் 22, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. ஃபெடோரா ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. அதாவது வருடத்துக்கு ஒருமுறையாவது பெரிய அப்டேட்டுக்கு உட்கார வேண்டும். ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றில் பதிப்பு என்பதே இல்லை, புதியது வர வர வந்துகொண்டே இருக்கும். அதில் என்ன மாறியது என்று படித்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அருமையான அனுபவம், இல்லையென்றால் ஒருநாள் காலையில் திரை கறுப்பாக நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாது.

கல்லூரி ப்ராஜெக்ட், அலுவலக வேலை, வீட்டில் அம்மா அப்பா பயன்படுத்தும் கணினி, இதற்கெல்லாம் எல்டிஎஸ் வகைதான். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

படி 4: டெஸ்க்டாப்

விண்டோஸ் மாதிரி கீழே பட்டை, இடது மூலையில் மெனு வேண்டும் என்றால் சினமன், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்புகளைப் பாருங்கள். ஸோரின் ஓஎஸ்ஸும் விண்டோஸிலிருந்து வருபவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் வருகிற க்னோம் டெஸ்க்டாப் வேறு மாதிரி, பழக ஒரு வாரம் ஆகும், பழகிவிட்டால் நிறையப் பேருக்குப் பிடித்துப்போகிறது. படத்தைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது, அடுத்தடுத்த படிகளில் நீங்களே தொட்டுப் பார்ப்பீர்கள்.

படி 5: இரண்டு பெயர்களாகச் சுருக்குங்கள்

விண்டோஸிலிருந்து முதல்முறை வருகிறீர்கள், மெஷின் நடுத்தர வயது: லினக்ஸ் மின்ட், அதற்கு அடுத்து உபுண்டு எல்டிஎஸ். புது லேப்டாப், நிரல் எழுதுபவர்: ஃபெடோரா அல்லது உபுண்டு. போட்டுவிட்டு வருடக்கணக்கில் தொடக்கூடாது என்பவர்களுக்கு டெபியன். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை சிப் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் நிறுவும் கோப்பிலேயே வந்துவிடுவதால் முன்பிருந்த பெரிய தலைவலி ஒன்று தீர்ந்துவிட்டது. பக்கத்தில் லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் அவர் பயன்படுத்துவதையே போடுங்கள், அவர் உதவி மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பெரியது.

காளி லினக்ஸ் மீது புதியவர்களுக்கு ஒரு கண் உண்டு. அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப் பெட்டி. லினக்ஸ் பழக வருபவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதை உருவாக்குபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசின் இலவச லேப்டாப் வாங்கியவர்கள் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட டிஸ்ட்ரோ அது. அதைத் தொட்டுப் பழகியிருந்தால் டெபியன் குடும்பத்தில் எதுவும் உங்களுக்கு அந்நியமாக இருக்காது. அப்புறம், டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்குதான் அது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதல்ல.

படி 6: நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுங்கள், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி செய்துகொள்ளுங்கள். டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களை ஒப்பிட வேண்டுமானால் பெரிய பென்டிரைவில் வென்டாய் என்ற கருவியைப் போட்டு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் போதும். கணினியை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள்: லெனோவோ, டெல் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் நிறுவாமலே டெஸ்க்டாப் திறக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடைபோடாதீர்கள்.

இப்போது சோதனை. வைஃபை இணைகிறதா? ஒரு வீடியோ போட்டு ஒலி வருகிறதா பாருங்கள், மைக், கேமரா, புளூடூத், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல் எல்லாவற்றையும் பாருங்கள். பிரின்டர் இருந்தால் செருகி ஒரு பக்கம் அச்சிடுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் விட்டுத் திறங்கள். திரை திரும்ப வர வேண்டும், வைஃபையும் திரும்ப இணைய வேண்டும். இந்த ஒரு சோதனையில் தோற்கும் மெஷின்கள் உண்டு, தினமும் உயிரை எடுக்கும் குறை அது, நிறுவிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

அடுத்து தமிழ். க்னோமில் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் போய்த் தமிழைச் சேருங்கள். தமிழ்99, ஃபொனெடிக் பட்டியலில் இல்லையென்றால் ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் வந்துவிடும் (இந்த நிலையில் நிறுவுவது ரேமில்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும்). லிப்ரே ஆஃபிஸைத் திறந்து "ஸ்ரீ", "கௌரவம்", "பொய்க்கோழி" என்று அடித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சரியான இடத்தில் ஒட்டுகின்றனவா என்று தெரியும். உங்களிடம் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் விண்டோஸிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை யூனிகோடு அல்ல என்பதால் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

படி 7: நிறுவுங்கள்

முதலில் உங்கள் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள், எடுத்த காப்பியைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை எழுதி வைத்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குங்கள். இன்ஸ்டாலர் டிஸ்க்கையே காட்டவில்லை என்றால் பெரும்பாலும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் முறை இயங்குகிறது என்று அர்த்தம். அதை ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும், ஆனால் விண்டோஸ் அதற்கு முன்கூட்டியே தயாராக இல்லாவிட்டால் பூட் ஆகாமல் போகும், எனவே தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முழு டிஸ்க்கையும் அழிக்கவா, பக்கத்தில் நிறுவவா என்று கேட்கும் திரையில் மட்டும் அவசரப்படாமல் இரண்டு முறை படியுங்கள்.

நிறுவி முடிந்ததும் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, டிரைவர்களைச் சரிபார்த்து, டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். மின்ட்டில் அது கூடவே வருகிறது, உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். சிஸ்டம் கோப்புகளை மட்டுமே அது காக்கும், உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி பேக்கப் வேண்டும். நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவை உடனே அழித்துவிடாமல் சில மாதம் வைத்திருங்கள். சிஸ்டம் ஏறாமல் போனால் அதிலிருந்து பூட் செய்துதான் கோப்புகளை வெளியே எடுப்பதும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதும்.