இடப்பக்கம் ஒடித்தால் ஃபியூஸ் போகும்

என் பைக்கில் ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாக ஒடித்தால் மட்டும் ஃபியூஸ் போய்விடும். மூன்று ஃபியூஸ் வீணான பிறகுதான் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வயர்களைப் பார்த்தேன். ‘பெரிய ஃபியூஸாகப் போடு’ என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். போட்டிருந்தால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரிந்திருக்கும்.

ஸ்டீயரிங் கழுத்தருகே வயர்க்கட்டு இரும்பு விளிம்பில் உரசி, ஒரு வயரின் தோல் அரை அங்குலம் உரிந்திருந்தது. உள்ளே செம்பு பளபளத்தது. ஹேண்டில் இடப்பக்கம் திரும்பும்போது அது இரும்பில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, நைந்த இடத்தை வெட்டி, ஒரு துண்டு வயர் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றினேன். வெறும் இன்சுலேஷன் டேப் சித்திரை வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

பிறகு கட்டு முழுவதையும் நெளிகுழாய்க்குள் விட்டு, விளிம்பைத் தொடாதபடி நகர்த்தினேன். ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே வயர்க்கட்டைப் பிடிக்கும் டையை இறுக்கினேன்.