டெல்டா மண்ணில் வேலி போடுகிறீர்களா?

வேலிக்கு முன்னால் சர்வேயரைக் கூப்பிட்டு எல்லையை அளந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அப்போது கூட நிற்கட்டும்.

நம் காவிரிப் பக்கத்துக் களிமண் கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். ஓர் அடி ஆழத்தில் ஊன்றிய கல்கால் இரண்டே வருடத்தில் சாய்ந்துவிடும். ஏழடிக் கால் என்றால் இரண்டடியாவது மண்ணுக்குள் போகவேண்டும். குழியின் அடியில் கொஞ்சம் ஜல்லி, மேலே கான்கிரீட். கான்கிரீட்டின் தலையைச் சரிவாகப் பூசினால் காலைச் சுற்றித் தண்ணீர் நிற்காது. எட்டு முதல் பத்தடிக்கு ஒரு கால் போதும். மூலைக்கால்களுக்கு மட்டும் முட்டுக்கால் (சாய்வாகத் தாங்கும் கால்) அவசியம், கம்பியை முறுக்கும்போது முழு இழுப்பும் அங்கேதான் விழும்.

தகர ஷீட் மறைப்புக்கு நல்லதுதான், ஆனால் காற்றை மொத்தமாக வாங்கும். 2018 கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலைக்கம்பியில் காற்று புகுந்து போய்விடும். கடலோர ஊர் என்றால் துத்தநாகப் பூச்சு கனமான கம்பியாகக் கேட்டு வாங்குங்கள்.

செலவு கையைக் கடிக்கிறதா? கொல்லைப்புறத்துக்குப் பூவரசு, ஒதியம் மரங்களின் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நட்டு, இடையில் முள்கம்பி இழுங்கள். ஆடு கடிக்காமல் முதல் வருடம் காப்பதுதான் பெரிய பாடு!