ஒளியால் இயங்கும் பாலிமர்கள்: பாக்டீரியாப் படல ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதீட்டர், செயற்கை மூட்டு போன்ற மருத்துவச் சாதனங்களின் மேல் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் பயோஃபிலிம் என்னும் படலமாக வளர்ந்துவிட்டால், ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அவை எளிதில் அடங்குவதில்லை. மெத்திலீன் புளூ போன்ற ஒளியுணர் சாயத்தைப் பிணைத்த பாலிமரோ, தானே ஒளியை ஈர்க்கும் பாலிமரோ, அருகிலுள்ள ஆக்சிஜனை வீரியமிக்க சிங்க்லெட் ஆக்சிஜனாக மாற்றி அவற்றைத் தாக்குகிறது. நம்பிக்கை தரும் இந்த வழியைத் தவறான சோதனைகளே பலமுறை மங்கச் செய்கின்றன.

கொல்வதையும் அகற்றுவதையும் ஒன்றாகக் கருதுவதே அவற்றுள் பெரிய தவறு. படலத்தின் அளவைக் கணிக்கப் பயன்படும் கிரிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயம் உயிருள்ள செல், இறந்த செல், பசை ஆகிய மூன்றிலும் ஏறும் என்பதால், சோதனைத் தட்டின் குழிகளில் ஊதா நிறம் குறையவில்லை என்பதைக் கொண்டு சிகிச்சை தோற்றது என்றோ, வளர்ப்புத் தட்டில் காலனி (உயிர்பிழைத்த பாக்டீரியா பெருகி உருவாகும் கூட்டம்) வளரவில்லை என்பதைக் கொண்டு பரப்பு சுத்தமாகிவிட்டது என்றோ முடிவு செய்ய முடியாது. இறந்த படலம் ஒட்டியபடியே இருந்தால், அடுத்து வரும் பாக்டீரியாவுக்கு அதுவே இடம் தரும். எனவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். 99.9 சதவீதம் அழிந்தது என்ற அறிவிப்பையும் அப்படியே ஏற்கலாகாது. 100 கோடி செல்கள் இருந்த படலத்தில் அதன் பிறகும் 10 லட்சம் உயிரோடு மிஞ்சும்.

திரவத்தில் மிதக்கும் பாக்டீரியாவிடம் கிடைத்த வெற்றியைப் படலத்துக்கும் பொருத்துவது அடுத்த தவறு. சிங்க்லெட் ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோ வினாடிகளே நிலைத்திருந்து, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தொலைவே செல்கிறது. படலமோ பல பத்து மைக்ரோமீட்டர் தடிமனாக வளரக்கூடியது, அதன் அடியில் ஆக்சிஜனும் குறைவு. சூடோமோனாஸ் போன்ற, கூடுதலாக ஒரு வெளிச்சவ்வைக் கொண்ட கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் அந்தச் சவ்வில் ஒட்ட நேர்மின்னூட்டம் கொண்ட பாலிமர் உதவும். எனினும் எதிர்மின்னூட்டம் கொண்ட பசை அதையே வழியில் பிடித்து நிறுத்திவிடவும் கூடும்.

விளக்கின் வாட் அளவை மட்டும் குறிப்பிடுவது போதாது. அலைநீளம், பரப்பின் மேல் விழும் செறிவு, நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் ஒளி 10 நிமிடம் விழுந்தால் 60 ஜூல். மெத்திலீன் புளூ செந்நிற ஒளியில், சுமார் 660 நானோமீட்டரில்தான் நன்றாக ஈர்க்கும் என்பதால், அதற்கு நீல விளக்கைப் பொருத்துவது வீண். ஒளி மட்டும், இருட்டில் பாலிமர் மட்டும், இரண்டும் இல்லாதது என்னும் ஒப்பீடுகள் இல்லாவிட்டால், கொன்றது ஒளிவினையா, விளக்கின் வெப்பமா, பாலிமரின் சொந்த நச்சா என்று பிரித்தறிய வழியில்லை.

பூச்சு எத்தனை முறை ஒளியைத் தாங்கும் என்பதையும் சோதித்தாக வேண்டும், ஏனெனில் சாயம் ஒளியிலேயே வெளிறும். உடலுக்குள் இருக்கும் கதீட்டருக்கு ஒளியை எந்த வழியாகக் கொண்டுசெல்வது என்பதை, பூச்சை வடிவமைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.