பெல்ட்டில் புது ஓட்டை

அப்பா பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டபோது, "வயசாச்சு, அதான்" என்றுதான் நாங்களும் விட்டோம். நாலு மாதத்தில் 68 கிலோ 61 ஆகியிருந்தது. சாப்பாடு குறையவில்லை, ராத்திரி நாலு தடவை பாத்ரூம். சர்க்கரை.

ஆகவே முதலில் எடை மெஷின். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், அதே மெஷினில் ஏறி காலண்டரில் குறியுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால் (60 கிலோ ஆளுக்கு 3 கிலோ) டாக்டரிடம் போக வேண்டும்.

நன்றாகப் பசித்தும் இளைத்தால் சர்க்கரை பாருங்கள். கை நடுக்கம், படபடப்பும் சேர்ந்தால் தைராய்டு. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோயா என்று பார்க்க சளிப் பரிசோதனை; அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். புற்றுநோயும் மனச்சோர்வும்கூட இளைக்க வைக்கும்.

ஏறுவது வேறு கதை. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்றால் டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ஆனால் தைராய்டு குறைவு மட்டுமே 20 கிலோ ஏற்றாது, பழியை அதன்மேல் போடாதீர்கள். சாப்பிடும் மருந்தையெல்லாம் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பக்கத்து வீட்டு அக்கா மூட்டுவலிக்குத் தின்ற பெயரில்லாப் பொடியில் முகம் மட்டும் உருண்டது, கைகால் மெலிந்தது. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டர். அதையும் சட்டென்று நிறுத்தக்கூடாதாம்.

இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி அப்படியே நின்றால் இதயம், சிறுநீரகம் பார்க்க அன்றைக்கே கிளம்புங்கள். மூச்சும் வாங்கினால் ராத்திரி என்று பார்க்காதீர்கள்.