ஸ்லாட் கேன்யனில் இறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது அமெரிக்காவில் இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்தால் அடுத்த கோடைக்கு யூட்டா மாநிலத்துக்கு ஸ்லாட் கேன்யன் பார்க்கப் போகும் பேச்சுதான். தாராளமாகப் போகட்டும். ஸ்லாட் கேன்யன் என்பது செம்மணற்கல்லைத் தண்ணீர் அறுத்து உண்டாக்கிய குறுகிய சந்து. சில இடங்களில் இரண்டு தோளும் சுவரில் உரசும், நிமிர்ந்தால் ஒரு கீற்று வானம்தான் தெரியும். ஆனால் ஏணி போட்ட சுற்றுலா இடம் வேறு, கயிறு கட்டி இறங்கும் இடம் வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆளைக் கொல்லும் முதல் தவறு, தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது. நம் ஊரில் ஊருணிக்கு மேல் பெய்யும் மழையால் மட்டுமா ஊருணி நிறைகிறது? சுற்றுப்பட்ட மேட்டு நிலத்தில் விழுந்த தண்ணீரெல்லாம் வரத்துக்கால் வழியே வந்து சேருகிறது. ஸ்லாட் கேன்யன் அந்த வரத்துக்கால்தான், நீங்கள் நிற்பது அதற்குள். மேலே இருப்பதோ பெரும்பாலும் மொட்டைப் பாறை, குடிக்க மண் கிடையாது. பெய்த அத்தனையும் அப்படியே ஓடி வரும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில் 11 பயணிகள் இறந்தார்கள். பெருமழை கொட்டியது அவர்கள் நின்ற இடத்தில் இல்லை, பல மைல் மேலே. 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறங்கிய 7 பேரும் பிழைக்கவில்லை. திடீர் வெள்ளம் வரலாம் என்ற முன்னறிவிப்பு அன்று இருந்தது, பெர்மிட்டும் கையில் இருந்தது. பெர்மிட் என்பது அனுமதி மட்டுமே, உத்தரவாதம் இல்லை.

அதனால் வரைபடத்தில் அந்தக் கேன்யனுக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பரப்பு முழுவதுக்கும் வானிலை பாருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம், பிற்பகலில்தான் அதிகம் பெய்யும். சந்தேகம் வந்தால் போகாதீர்கள், டிக்கெட் காசு போனால் போகட்டும்.

அடுத்தது, இறங்கிய பின் யோசிக்காமல் கயிற்றைக் கீழே உருவி எடுத்துக்கொள்வது. பிரான்மலை ஏறிப் பழகியவர்களுக்கு, முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம் என்ற எண்ணம் மனதில் ஊறியிருக்கும். இங்கே முதல் இறக்கத்தில் இறங்கிக் கயிற்றை உருவியதும் அந்த வழி அடைந்துவிடும். அப்புறம் முடிவு வரை போய்த்தான் வெளியே வர முடியும். எல்லாரும் இறங்கிவிட்டார்களா, அடுத்த இறக்கங்களுக்குக் கயிற்றின் நீளம் போதுமா, பொழுது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உருவுங்கள்.

கயிறு கட்டும் ஆங்கரில் அவசரமே கூடாது. பெரும்பாலும் முன்னே போனவர்கள் ஒரு பாறையைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போன நாடாதான் இருக்கும். முன்பக்கம் பளிச்சென்று தெரிந்தால் நம்பிவிடாதீர்கள். பாறைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுங்கள், அறுந்து நூல் பிரிந்திருப்பது அங்கேதான். வெயிலில் வெளுத்து விறைத்துப் போயிருந்தாலும் ஆகாது. கயிறு ஓடும் உலோக வளையத்தை ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். மணல் ஒட்டிய கயிறு அரம் மாதிரி அதில் பள்ளம் போட்டிருக்கும். சரியில்லை என்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புது நாடா கட்டுங்கள். அதற்காகவே நாடாவும் கத்தியும் பையில் இருக்க வேண்டும். தனியாக ஒரு பாதுகாப்புக் கட்டும் போட்டு, கனமானவரை முதலில் இறக்குங்கள். ஆங்கர் அசையவில்லை என்று கண்ணால் பார்த்தபின், பாதுகாப்புக் கட்டை அவிழ்த்துவிட்டு, எடை குறைந்தவர் கடைசியாக வரலாம்.

பாலைவனம்தானே, குளிர் எங்கே வரப்போகிறது என்று நினைப்பதும் தவறு. வெயிலே எட்டாத குளங்களில் தண்ணீர் கோடையிலும் ஐஸாக இருக்கும். அரை மணி நேரம் நனைந்தால் விரல் மரத்து, முடிச்சுப் போடவே வராது. வெட்சூட் (தண்ணீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) வேண்டும், பருத்திச் சட்டை உதவாது.

தெரியாத தண்ணீரில் குதிக்காதீர்கள். போன மாதம் பத்தடி ஆழம் இருந்த குளத்தை ஒரு வெள்ளம் மணலால் நிரப்பியிருக்கும். மேலே ஒரே கலங்கல், ஆழம் தெரியாது. கணுக்கால் முறிந்தால் அந்தச் சந்திலிருந்து தூக்கி வருவது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்னொரு வகைக் குழி உண்டு. சுவர் வழவழவென்று இருக்கும், கால் தரையில் எட்டாது, விழுந்தவர் தானாக ஏற முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி வெளியேறும் வித்தையைத் தெரிந்தவரிடம் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். யூடியூபில் பார்த்தது போதாது.

கடைசியாக, யாரிடமும் சொல்லாமல் போவது. ஆரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்க மலையேறி 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் கேன்யனுக்குத் தனியாகப் போனார். எங்கே போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. உருண்ட பாறையில் கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்தார், கடைசியில் முன்கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

நம் பிள்ளைகள் ஆத்தாவிடம் "ஃபிரெண்ட்ஸோட டூர் போறேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போனில் சிக்னல் வராது, சாட்டிலைட் கருவியும் அந்தச் சந்தில் தடுமாறும். அங்கே யூட்டாவில் இரவு எட்டு என்றால் கோடையில் இங்கே மறுநாள் காலை ஏழரை. இங்கிருந்து தவித்து என்ன செய்ய முடியும்? அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் கேன்யனின் பெயர், கார் நிறுத்திய இடம், கார் நம்பர், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். யூட்டாவில் தேடி மீட்கும் பொறுப்பு அந்தந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிப் என்ற காவல் தலைவருடையது, அந்த நம்பரையும் அதே தாளில் எழுதுங்கள். சொன்ன நேரம் தாண்டினால் யோசிக்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.